கஜாவில் நனைந்த ஆர்எக்ஸ் 100: இறுகிப்போன பிஸ்டனைக் கழற்றிய ஒன்பது நாள்

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குட்டியானை மினி லாரியில் ஏற்றி ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். 1991 மாடல். டேங்க்கில் துரு, சீட்டுக்குள் எலிக்கூடு, அதெல்லாம் பெரிய விஷயமில்லை. கிக்கர் இறங்கவே இல்லை. முழு எடையையும் போட்டு மிதித்தாலும் கல்லாக நின்றது.

வண்டி 2014-லிருந்து ஓடவில்லை. நிறுத்தும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, ஓட்டையில் துணியைத் திணித்து வைத்திருக்கிறார்கள். கீற்றுக் கொட்டகை இருந்தவரை பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அந்தக் கூரை போய்விட்டது. மழைத்தண்ணீர் துணியில் ஊறி, விளக்குத் திரியில் எண்ணெய் ஊர்வது போல எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. தென்னந்தோப்பே சாய்ந்து கிடந்த ஊரில் அப்போது பைக்கை யாரும் திரும்பிப் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகும் ஐந்து வருடம், உப்புக் காற்றில், மேலே ஒரு தார்ப்பாயோடு அது நின்றிருக்கிறது.

கொண்டுவந்த தம்பி ஒன்றுதான் கேட்டார். "அண்ணே, இது அப்பா வண்டி. செலவு ஆனாலும் பரவாயில்லை. ஆனா இதே பிளாக்குலதான் ஓடணும்."

பிளாக் என்றால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-லிருந்து 1996 வரைதான் வந்தது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். அந்தக் காலத்து அசல் பிளாக் இனி புதிதாக வரப்போவதில்லை. கடையில் கிடைக்கும் மாற்று பிளாக்கில் போர்ட் வெட்டு, அதாவது சுவரில் உள்ள வழித்துளைகளின் வெட்டு, அசலைப் போல அமைவதில்லை என்பது என் அனுபவம். ஓட்டிப் பழகியவர்களுக்குச் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டேன். பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், லாக் இவை போனால் போகட்டும், புதிது வாங்கலாம். பிளாக், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடு, சுழலும் தண்டான கிராங்க், அதை மூடியிருக்கும் கேசிங் இவற்றுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. அடுத்த ஒன்பது நாளும் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

இறுகியது எது?

கிக்கர் இறங்கவில்லை என்றதுமே பிஸ்டன் ஜாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிராங்க் பேரிங் துருப்பிடித்து நின்றிருக்கலாம், கிக்கர் கியரே உடைந்து சிக்கியிருக்கலாம். மேக்னட் கவரைக் கழற்றி, நடு நட்டில் ரிங் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்தேன். நூலளவு ஆட்டம் இருந்தது. கிராங்க் பேரிங்கே இறுகியிருந்தால் அந்த நூலளவும் இருக்காது. கன்ராடின் இரண்டு முனையிலும் உள்ள இடைவெளி அளவுக்குக் கிராங்க் அசைகிறது, அதற்கு மேல் பிஸ்டன் விடவில்லை என்று புரிந்தது.

அப்புறம் பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலையில் செம்மண் குழைத்து அப்பியது போலத் துரு. நடுவில் ஒரு பள்ளம். எங்களிடம் வருவதற்கு முன் வண்டி இன்னொரு பட்டறைக்குப் போயிருக்கிறது. அங்கே பிளக் ஓட்டை வழியாக இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். பிளக் மரையில் இரண்டு சுற்று சிதைந்து போயிருந்தது.

இந்த அடியைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. இந்த எஞ்சினின் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு சக்கரத்தையும் நடுப் பின்னையும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. மேலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் பிஸ்டன் வழியாகக் கன்ராடுக்கும், அங்கிருந்து பெரிய முனை ரோலர்களுக்கும், அந்தச் சேர்மானத்துக்கும் போகிறது. சேர்மானம் ஒரு மயிரிழை திரும்பினாலும் கிராங்க் ஓட்டம் கோணிவிடும். பிஸ்டன் தலை என்பது அலுமினியத் தகடு. நடுவில் அடித்தால் அது குழிந்து, ஓரம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, சுவரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எடுக்க நினைத்து அடித்த அடி, ஆப்பு அடித்தது போல ஆகிவிடுகிறது.

வெர்னியரை விட்டு அளந்தேன். பிஸ்டன் தலை பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து 31 மி.மீ. கீழே நின்றது. இந்த எஞ்சினின் போரும் (உருளையின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50 மி.மீ. அப்படியானால் பிஸ்டன் கீழே இறங்க இன்னும் 19 மி.மீ. இருக்கிறது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் பிஸ்டன் தலைக்கு மேலே மெல்லிய பிறை போலத் திறந்திருந்தது. கீழிருந்து பெட்ரோல் கலவை மேலேறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் இன்னும் மூடியே இருந்தன. இந்த ஒரு அளவை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

மேலேயா, கீழேயா?

கிரீஸ் கன்னை பிளக் ஓட்டையில் பொருத்தி, கிரீஸை அடைத்து, அந்த அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளுவது நல்ல முறை. சத்தமில்லை, அடியில்லை, அழுத்தம் தலை முழுதும் சமமாகப் பரவும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே நின்றால்தான் அது நடக்கும். நம்முடையதில் போர்ட் திறந்துவிட்டது. கிரீஸ் அந்தப் பிறை வழியாக வெளியே வழியும். அதை விட்டுவிட்டேன்.

சிலர் பிளாக்கையே மேலே இழுக்கச் சொல்வார்கள். பிளாக்கைத் தூக்கினால் பிஸ்டனும் கூடவே வரும், கிராங்க் சுற்றும். ஆனால் 31 மி.மீ. தூக்கியதும் கிராங்க் உச்சிப் புள்ளிக்குப் போய் நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்தால் மொத்த இழுப்பையும் கன்ராடும் அதன் இரண்டு பேரிங்கும் தாங்க வேண்டும். என் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை.

கீழே தள்ளுவதுதான் சரி என்று பட்டது. கிராங்க் உச்சிப் புள்ளியிலும் இல்லை, அடிப் புள்ளியிலும் இல்லை, நடுவில் நிற்கிறது. பேரிங்கும் இறுகவில்லை. பிஸ்டன் இறங்க இறங்கக் கிராங்க் சுற்றிக் கொடுத்துவிடும், கன்ராடில் முட்டுச் சுமை ஏறாது. இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தண்ணீர் தேங்கியது பிஸ்டனுக்கு மேலே. போரின் மேல் பாதியில்தான் துரு கனமாக இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் சுவர் பழைய ஆயில் படலத்தோடு ஓரளவு சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். பிஸ்டன் கழன்று வெளியே வரும் வழியும் பிளாக்கின் அடிப்பக்கம்தான். கீழ்நோக்கியே தள்ளினால் ரிங் அந்தத் துருப் பகுதியைத் தொடாமலே வெளியே வந்துவிடும். மேலே ஏற்றியிருந்தால் துருத் துகள் ரிங்குக்கு இடையில் சிக்கிச் சுவரை உழுதிருக்கும்.

ஊறவிட்டது

முதல் நாள் துருவைச் சுரண்டவில்லை. தூரிகையால் தளர்ந்ததை மட்டும் எடுத்தேன். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் இரண்டு ரிங்கும் தெரிந்தன. இரும்பு ரிங்கும் பிளாக்கின் உள்சுவரான இரும்பு லைனரும் ஒரே துருவாக ஒட்டியிருந்த இடம் அது. துரு என்பது இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும் பொருள். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியை அது அடைத்துவிட்டது. பிஸ்டன் ஓரத்தில் வெள்ளைப் பொடியும் இருந்தது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் அப்படித்தான் அரிக்கும்.

மரக்கட்டையில் சைக்கிள் டியூபைச் சுற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டை அடைத்தேன். மேலே டீசல் ஊற்றினேன். இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றினேன். கார் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஊற்றுவார்களே, அந்தச் சிவப்பு ஆயில். இது பழைய பட்டறைக் கலவை. அசிட்டோன் தண்ணீர் மாதிரி மெலிந்தது, நுண்ணிய இடுக்கிலும் ஆயிலைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டும் நிலையாகக் கலந்து நிற்காது, ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அதனால் போரின் வாயைத் தகடு போட்டு மூடினேன். அந்த மூலையில் பீடி, வெல்டிங் எதுவும் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

டபிள்யூடி-40 ஸ்பிரே போட்டால் போதாதா என்று பட்டறைப் பையன்கள் கேட்டார்கள். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட திரவம். 40-ஆவது முயற்சியில் அமைந்ததால்தான் பெயரில் அந்த எண். வெளியே இருந்த நட்டுகளுக்கு அதைத்தான் அடித்தோம், நன்றாக வேலை செய்தது. இத்தனை வருடத் துருவுக்குள் இறங்க எனக்கு வேறு வேண்டியிருந்தது.

நான்காம் நாள் திரவ மட்டம் 2 மி.மீ. குறைந்திருந்தது. அசிட்டோன் ஆவியானதாகவும் இருக்கலாம் என்பதால் அதை நம்பவில்லை. கார்பரேட்டரையும் ரீட் வால்வையும் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டன் ஸ்கர்ட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு துளி தொங்கியது. ரிங்கைத் தாண்டி ஆயில் இறங்கிவிட்டது. அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் இது பிளாக் உடையாமல் முடியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் செய்த தவறு

அந்த நம்பிக்கையில் ஐந்தாம் நாள் அவசரப்பட்டேன். கலவையை முழுதும் எடுத்து, துடைத்து, ஒரு இரவு காற்றாட விட்டு, காலையில் கேஸ் டார்ச்சால் பிளாக்கின் ஃபின்களை, அதாவது வெளியே அடுக்கடுக்காக நிற்கும் தகடுகளை, சுற்றிச் சுற்றிச் சூடேற்றினேன். இருபது நிமிடம் இருக்கும். பிறகு மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால், பிஸ்டன் துளிகூட அசையவில்லை. முன்பைவிட இறுகியிருந்தது.

உட்கார்ந்து யோசித்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. பிஸ்டன் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் லைனர் இரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. விட்டத்துக்கு 100 டிகிரி ஏறினால் லைனர் 0.05 மி.மீ.க்குச் சற்று மேல் விரிகிறது, பிஸ்டன் 0.1 மி.மீ. அளவுக்கு விரிகிறது. நான் இருபது நிமிடம் நிதானமாகச் சூடேற்றியதில் சூடு உள்ளே போய்ப் பிஸ்டனும் சேர்ந்து கொதித்துவிட்டது. வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் இடைவெளி கிடைக்கும். இத்தனை வருடம் பேரிங்கைக் கேசிங்கில் இறக்க கேசிங்கைச் சூடேற்றிப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்துவிட்டது. அங்கே வெளியே இருப்பது அலுமினியம், உள்ளே போவது இரும்பு. இங்கே உள்ளே இருப்பது அலுமினியம்.

அன்று அதைத் தொடவில்லை. ஆற விட்டு மறுபடி கலவையை ஊற்றினேன். சூடேறி ஆறியதில் ஒரு நன்மை நடந்தது. துருவில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்திருக்க வேண்டும், அடுத்த நாள் மட்டம் வேகமாக இறங்கியது.

தள்ளும் சாமான்

ஆறாம் நாள் லேத் பட்டறைக்குப் போய் ஒரு சாமான் செய்துகொண்டேன். 10 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை, ஹெட்டைப் பூட்டும் திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகளில் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டில் உட்காரும்படி இரண்டு துளை. பட்டையின் நடுவில் ஒரு பெரிய நட்டை வெல்டு செய்து, அதில் நீளமான போல்ட். எதிர் மூலைகளைப் பிடித்தால்தான் போல்ட் சரியாகப் போரின் மையத்துக்கு மேலே நிற்கும். பக்கத்து ஸ்டட்டுகளைப் பிடித்தால் பிஸ்டன் சாய்ந்து இறங்கிச் சுவரைக் கீறும்.

போல்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே வைக்கப் பூவரசங்கட்டையில் 48 மி.மீ. விட்டத்துக்கு ஒரு உருளை கடைந்து வாங்கினேன். பூவரசு இறுக்கமான மரம், வண்டிச் சக்கரத்துக்கே போடுவார்கள். உருளையின் அடிப்பக்கத்தை நடுவில் குடைந்து, ஓரம் மட்டும் பிஸ்டனில் படும்படி செய்தேன். பழைய அடியில் குழிந்த நடுப்பகுதியில் அழுத்தினால் அது இன்னும் குழியும். ஓரத்தில் அழுத்தினால் சுமை நேராகப் பிஸ்டன் சுவரில் இறங்கும். போல்ட் முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கனமான வாஷர்.

ஏழாம் நாள் காலை போல்டைக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று கொடுத்தேன். சின்ன ரிங் ஸ்பானர்தான், குழாய் எதுவும் சொருகவில்லை. பட்டையின் மேல் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. அப்படியே விட்டுவிட்டு வேறு வண்டியைப் பார்த்தேன். மதியம் இன்னொரு கால் சுற்று. சாயங்காலம் பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே நின்றது. எட்டாம் நாளும் அதே. மரம் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் நீள ஸ்பானரை எடுத்துவந்தான். வாங்கி ஓரமாக வைத்தேன். போல்டுக்குக் கொடுக்கும் பலம் ஸ்டட்டுகளை மேலே இழுக்கிறது. ஸ்டட் மரை பிடுங்கிவிட்டால், காப்பாற்ற வந்த பிளாக்கும் கேசிங்கும்தான் அடிபடும்.

ஒன்பதாம் நாள் அந்தத் தம்பியோடு அவருடைய அப்பாவும் வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டார்ச் வேண்டாம் என்று முடிவு செய்து, பக்கத்து டீக்கடையில் ஒரு குண்டான் வெந்நீர் கொதிக்கவைக்கச் சொல்லியிருந்தேன். கொதிநீருக்கு 100 டிகிரிக்கு மேல் போக முடியாது, நெருப்பும் இல்லை, அசிட்டோன் வாடை மிச்சமிருந்தாலும் பயமில்லை. போல்டைத் தளர்த்தி மரத்தை எடுத்துவிட்டு, பாலிதீன் பையில் ஐஸ் போட்டுப் பிஸ்டன் தலையில் கால் மணி நேரம் வைத்தேன். பையை எடுத்ததும் மரத்தை வைத்துப் போல்டை இறுக்கினேன். உடனே பையன் பிளாக்கின் ஃபின்களைச் சுற்றி வெந்நீரை ஊற்றினான். குண்டான் பாதி காலியானபோது ‘டக்’ என்று ஒரு சத்தம்.

ஸ்டட் போய்விட்டதோ என்று ஒரு கணம் கை நின்றது. ஸ்பானரைத் தொட்டால் போல்ட் தளர்ந்திருந்தது. பிஸ்டன் இறங்கியிருக்கிறது. மேக்னட் பக்கம் நின்ற தம்பி, "அண்ணே, சுத்துது!" என்றார். அளந்தால் 32 மி.மீ. ஒரே ஒரு மில்லி.

அதன் பிறகு அவசரமே இல்லை. கால் சுற்றுக்கு ஒரு தடவை போருக்குள் ஆயில் விட்டு, மேக்னட்டையும் கையால் கூடவே திருப்பிக் கொடுத்து, அடிப் புள்ளி வரை 18 மி.மீ.யை இறக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பெரியவர் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்த வண்டியிலதான் தம்பி இவனைப் பிரசவத்துக்கு இவங்கம்மாவோட கூட்டிட்டுப் போனேன்" என்று மகனைக் காட்டிச் சொன்னார். வேறொன்றும் பேசவில்லை.

கழற்றியபின் கண்டது

பிளாக்கைத் தூக்கும்போது கேசிங் வாயைச் சுத்தமான துணியால் அடைத்தேன். லாக் தெறித்து உள்ளே விழுந்தால் கேசிங்கைப் பிரிக்காமல் எடுப்பது பெரும்பாடு. பிளாக் பிஸ்டனிலிருந்து ஒரு சிணுக்கத்தோடு உருவிக்கொண்டு வந்தது. பின் மட்டும் பிஸ்டனோடு ஒட்டியிருந்தது. அதற்கு மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றினேன். இங்கே வெளியே இருப்பது அலுமினியம், உள்ளே எஃகு. சூடு நம் பக்கம் வேலை செய்தது, கட்டைவிரல் அழுத்தத்தில் பின் நகர்ந்தது.

போரில் எதிர்பார்த்தபடியே மேல் பாதியில் துருக்குழிகள். ரிங் நின்ற இடத்தில் இரண்டு வளையமாகத் தடம். கீழ்ப் பாதியில் ஒரு கோடுகூட இல்லை. பிஸ்டனில் 0.25 என்று பொறித்திருந்தது, முன்பே ஒரு தடவை போர் அடித்த, அதாவது உள்சுவரைக் கடைந்து 0.25 மி.மீ. அகலப்படுத்திய பிளாக். குழிகள் போக 0.50 போதவில்லை, 0.75 வரை போக வேண்டியிருந்தது. 1.00 ஓவர்சைஸ் இன்னும் கையில் மிச்சமிருக்கிறது. போர் அடிக்கக் கொடுக்கும்போது புதுப் பிஸ்டனையும் சேர்த்தே கொடுத்தேன். பிஸ்டனை அளந்துதான் போரை முடிக்க வேண்டும். போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகள் கத்திபோல நிற்கும். அவற்றைக் கையாலேயே சன்னமாக மழுக்கினேன். டூ ஸ்ட்ரோக்கில் இதை விட்டுவிட்டால் புது ரிங் போர்ட்டில் தட்டி உடையும்.

கேசிங்கையும் பிரித்தேன். கன்ராடை லேத்தில் வைத்துப் பார்த்ததில் கோணல் இல்லை, கிராங்க் ஓட்டமும் சரியாக இருந்தது. முதல் பட்டறையின் அடி அந்த அளவோடு நின்றது நல்லதாகப் போயிற்று. மெயின் பேரிங்குகளில் துருப்புள்ளி இருந்ததால் இரண்டையும் மாற்றினேன். ஆயில் சீல்கள் காய்ந்து அப்பளமாகியிருந்தன. பிளக் மரைக்கு உள்ளே புதுச் சுருள் மரை போட்டோம்.

பிப்ரவரி கடைசியில் வண்டி ஓடியது. முதல் 500 கிலோமீட்டர் பாதித் திராட்டிலுக்கு மேல் வேண்டாம், ஏற்றத்தில் இழுக்கவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். 500 முடித்து வந்தபோது சைலன்சரைக் கழற்றி, அன்று ரிங்கைப் பார்த்த அதே போர்ட் வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டன் சுவர் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தது, கீறல் இல்லை. ரிங் இரண்டும் விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தன. சைலன்சரைப் புது கேஸ்கட்டோடு பூட்டிக் கொடுத்தேன். பழைய பிஸ்டனைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.